நிலவைச் சுற்றும் வழிக்குக் காப்புரிமையா?

கேள்வி: அண்ணாச்சி, ஊர் பணகுடி, நெல்லையில் சட்டம் படிக்கிறேன். அண்ணன் மகேந்திரகிரி இஸ்ரோ மையத்தில் ஒப்பந்த வேலை பார்ப்பதால் வீட்டில் ராக்கெட் பேச்சுக்குப் பஞ்சமே இல்லை. தப்பான சுற்றுப்பாதையில் மாட்டிக்கொண்ட ஒரு செயற்கைக்கோளை நிலவைச் சுற்ற வைத்துக் காப்பாற்ற நினைத்தார்களாம், அந்த வழிக்கே ஒரு கம்பெனி காப்புரிமை வைத்திருந்ததால் கைவிட்டார்களாம். நிஜமா? வானத்தில் போகிற வழிக்கு யார் பட்டா போட்டுக் கொடுத்தது?

பதில்: முக்கால்வாசி நிஜம், தம்பி. 2008 மார்ச்சில் கஜகஸ்தானில் உள்ள பைக்கனூர் ஏவுதளத்திலிருந்து புரோட்டான் ராக்கெட்டில் கிளம்பிய ஏஎம்சி-14 பற்றித்தான் கேட்கிறீர்கள். எஸ்இஎஸ் என்ற செயற்கைக்கோள் குழுமத்தின் கோள், அமெரிக்காவில் டிவி ஒளிபரப்புக்காகச் செய்தது. ராக்கெட்டின் மேல் கட்டம் இரண்டாம் முறை எரியும்போது சுமார் இரண்டு நிமிடம் முன்னதாகவே அணைந்துவிட்டது. போய்ச் சேர வேண்டிய உயரம் 35,786 கிலோமீட்டர், ஆனால் கோள் சிக்கிய பாதையின் உச்சமே 28,000 பக்கம்தான்.

உயரத்தைக்கூடச் சமாளித்துவிடலாம், சாய்வுதான் பெரிய தலைவலி. பைக்கனூர் பூமத்திய ரேகைக்கு 46 டிகிரி வடக்கே இருப்பதால் அங்கிருந்து கிளம்பும் பாதையே நன்றாகச் சாய்ந்துதான் இருக்கும். அதைப் பூமத்திய ரேகைக்கு நேராகத் திருப்ப எரிபொருள் ஏராளமாகச் செலவாகும், அந்த எரிபொருளோ அப்புறம் பல வருஷம் கோளை அதன் இடத்தில் நிறுத்தி வைப்பதற்காக ஏற்றி அனுப்பியது. திருப்புவதற்கே அதைத் தீர்த்துவிட்டால் மீட்டும் புண்ணியமில்லை.

நிலவு உதவிக்கு வருவது இந்த இடத்தில்தான். வேகமாக ஓடுவதைத் திருப்புவது கஷ்டம், மெதுவாகப் போவதைத் திருப்புவது சுலபம். பாதையை நீட்டி நிலவு தூரம் வரைக்கும் போய்விட்டால் கோளின் வேகம் வெகுவாகக் குறைந்துவிடும், மிச்ச வேலையை நிலவின் ஈர்ப்பே பார்த்துக்கொள்ளும். குறுக்குத்துறையில் ஆறு இழுத்து ஓடும்போது அக்கரைக்குப் போகிறவர் நேராகப் பாய மாட்டார், கொஞ்ச தூரம் மேலே நடந்துபோய் இறங்கி இழுப்போடேயே போய்க் கரையேறுவார் இல்லையா, அந்தச் சூட்சுமம்தான்.

இதை ஏற்கெனவே ஒருமுறை செய்தும் காட்டியிருந்தார்கள். 1997 டிசம்பரில் ஏவிய ஏசியாசாட்-3 இதே மாதிரி மாட்டியது, இன்ஷூரன்ஸ் பணமும் கொடுத்தாகிவிட்டது. அந்தக் கோளைத் தயாரித்த ஹியூஸ் நிறுவனம் திரும்ப எடுத்துக்கொண்டு 1998 மே மாதமும் ஜூன் மாதமும் நிலவைச் சுற்ற வைத்துக் கொண்டுவந்தது. அதே வருஷம் அந்த முறைக்குக் காப்புரிமை கேட்டது, 2000-இல் கிடைத்தது. அந்த வருஷமே ஹியூஸின் செயற்கைக்கோள் பிரிவை போயிங் வாங்கியதால் காப்புரிமையும் போயிங் கைக்குப் போய்விட்டது.

ஏஎம்சி-14 சிக்கியபோது நிலவு வழிக்குப் போயிங்கின் காப்புரிமை குறுக்கே நிற்கிறது என்று செய்திகள் வந்தன. எஸ்இஎஸ்ஸுக்கும் போயிங்குக்கும் அப்போது வேறு ஒரு விவகாரத்தில் வழக்கும் நடந்துகொண்டிருந்தது. எஸ்இஎஸ் வெளியே சொன்ன காரணம் வேறு: எந்த வழியில் மீட்டாலும் கோளின் ஆயுள் ரொம்பக் குறைந்துவிடும், அபாயமும் அதிகம் என்றது. இரண்டும் சேர்ந்தே இருந்திருக்கும் என்பது என் எண்ணம், அதனால்தான் முக்கால்வாசி என்றேன். கடைசியில் முழு நஷ்டம் என்று அறிவித்தார்கள். அப்புறம் அமெரிக்க ராணுவத் துறை அந்தக் கோளை வாங்கி, நிலவுப் பக்கமே போகாமல், அதன் சொந்த எரிபொருளிலேயே மெல்ல மெல்ல உயர்த்தி, கொஞ்சம் சாய்வோடேயே பயன்படுத்திக்கொண்டது.

அந்தக் காப்புரிமை கோர்ட்டில் நின்றிருக்குமா? எனக்குப் பலத்த சந்தேகம். நிலவின் ஈர்ப்பால் பாதையை மாற்றுவது 1959-இல் சோவியத் லூனா-3 செய்தது. ஐஎஸ்இஇ-3 என்ற நாசா விண்கலம் 1983-இல் பலமுறை நிலவை ஒட்டிப் பறந்து ஒரு வால்நட்சத்திரத்தைத் தேடிப் போனது. புவிநிலைப் பாதைக்காக, அதாவது கோள் வானில் ஒரே இடத்தில் நிற்பதுபோல் தெரியும் அந்த 35,786 கிலோமீட்டர் உயரப் பாதைக்காக, அதைச் செய்வது புதுசு என்று வாதாட இடம் இருக்கிறதுதான், இல்லை என்று சொல்லவில்லை.

ஆனால் வழக்கில் ஜெயிப்போமா என்பதை விட, அதற்குக் காத்திருக்க நேரம் இருக்கிறதா என்று பாருங்கள், சட்டம் படிக்கிற நீங்கள் இதைத்தான் யோசிக்க வேண்டும். நிலத்தகராறு என்றால் கேஸ் பத்து வருஷம் நடந்தாலும் நிலம் அதே இடத்தில் கிடக்கும். சிக்கிய செயற்கைக்கோள் ஒவ்வொரு சுற்றிலும் பூமியைச் சூழ்ந்த கதிர்வீச்சு வளையங்களுக்குள் புகுந்து வருகிறது, சூரியத் தகடுகள் நாளுக்கு நாள் கெடுகின்றன, மின்கலம் தேய்கிறது. முதல் வாய்தா வருவதற்குள் மீட்க ஒன்றும் மிஞ்சாது. அதனால் நோஞ்சான் காப்புரிமைகூடப் போதும் ஒரு மீட்பைத் தடுக்க, நோட்டீஸ் அனுப்பினாலே காரியம் முடிந்தது. இது அநியாயம் என்று தயங்காமல் சொல்வேன்.

கேள்வி: விண்வெளி யாருக்கும் சொந்தமில்லை என்றுதானே வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். அங்கே ஒரு நாட்டின் காப்புரிமை எப்படிச் செல்லும்? நம் நாட்டில் இப்படி நடக்குமா?
— பாளையங்கோட்டை ஆசிரியை

பதில்: விண்வெளி யாருக்கும் சொந்தமில்லைதான் டீச்சர், ஆனால் அதில் பறக்கும் பொருளுக்குச் சொந்தக்காரர் உண்டு. 1967 விண்வெளி ஒப்பந்தத்தின் 8-ஆவது பிரிவுப்படி, எந்த நாடு பதிவு செய்ததோ அந்த நாட்டின் அதிகாரம் அந்தக் கோளின் மேல் தொடரும். அமெரிக்கா 1990-இல் தன் காப்புரிமைச் சட்டத்திலேயே இதைச் சேர்த்துவிட்டது: தன் அதிகாரத்தில் உள்ள விண்வெளிப் பொருளில் நடப்பது அமெரிக்க மண்ணில் நடப்பதற்குச் சமம். கட்டளை அனுப்பும் தரைநிலையம் எந்த நாட்டில் இருக்கிறது என்பதும் வழக்கில் கேள்வியாக வரும்.

நம் 1970 காப்புரிமைச் சட்டத்தில் 3-ஆவது பிரிவு நல்ல வேலி. விஞ்ஞானத் தத்துவத்தைக் கண்டுபிடித்தது மட்டும் போதாது, கணித முறைக்கும் அல்காரிதத்துக்கும் காப்புரிமை கிடையாது. நிலவைச் சுற்றும் பாதைக் கணக்கு இங்கே வந்திருந்தால் அந்த வேலியைத் தாண்டுவது கஷ்டம். தாண்டினாலும் 92, 100 ஆகிய பிரிவுகளில் அவசர காலத்துக்கும் அரசுப் பயன்பாட்டுக்கும் வழி வைத்திருக்கிறார்கள், பணம் கொடுக்க வேண்டியிருக்கலாம், ஆனால் வேலை நிற்காது. 49-ஆவது பிரிவையும் படித்துப் பாருங்கள்: தற்செயலாகவோ தற்காலிகமாகவோ நம் எல்லைக்குள் வரும் வெளிநாட்டுக் கப்பல், விமானத்தின் மேல் காப்புரிமை மீறல் வழக்கு போட முடியாது. கப்பலுக்குக் காட்டிய அந்த இரக்கத்தை ஆபத்தில் இருக்கும் செயற்கைக்கோளுக்கும் காட்டச் சொல்லிக் கேட்க வேண்டும். முதலில் மீட்கட்டும், காப்புரிமைக்காரருக்கு நியாயமான தொகையைப் பிறகு பேசிக்கொள்ளலாம். குலசேகரன்பட்டினத்தில் 2024 பிப்ரவரியில் ஏவுதளத்துக்கு அடிக்கல் போட்டாயிற்று, நாளைக்குத் தனியார் கோள்களும் அங்கிருந்து போகும், அரசுக்கு உள்ள 100-ஆவது பிரிவு அவர்களுக்குத் தானாகக் கைகொடுக்காது.

கேள்வி: 2025 ஜனவரியில் போன நம் என்விஎஸ்-02 வழிகாட்டிச் செயற்கைக்கோளும் சரியான பாதைக்குப் போகவில்லையே, அதையும் நிலவு வழியாக மீட்டிருக்கலாமே?
— வள்ளியூர் வாசகர்

பதில்: முடியாது. நிலவு வரைக்கும் பாதையை நீட்ட கோளின் பிரதான இன்ஜின் எரிய வேண்டும். ராக்கெட் தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது, கோளுக்குள் எரிபொருள் எரியத் தேவையான ஆக்சிஜனேற்றியை இன்ஜினுக்கு அனுப்பும் வால்வு திறக்கவில்லை. நிலவு வழி உதவுவது இன்ஜினும் எரிபொருளும் நல்லபடியாக இருக்கும் கோளுக்கு மட்டும்தான். அந்தப் பழைய காப்புரிமை 2018-இல் காலாவதியாகிவிட்டது, இனி அந்த நிலையில் ஒரு கோள் மாட்டினால் அந்த முறைக்காக போயிங்கிடம் அனுமதி கேட்க வேண்டியதில்லை.