அந்தத் தலைவலிக்குக் குளிர் காரணமல்ல

கேள்வி: எனக்கு வயது 57. சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் மாத்திரையும் இரவில் இன்சுலினும் எடுத்துக்கொள்கிறேன். ரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்ட்டன். இரண்டும் கட்டுப்பாட்டில் இருக்கின்றன. பாதம் மட்டும் சற்று மரத்தாற்போல் இருக்கும். மகன், மருமகள், எட்டு வயதுப் பேத்தியுடன் குளிர்காலத்தில் ஒரு வார இறுதிக்குப் பனி பொழியும் மலை ஊருக்குப் போகத் திட்டம். 2,700 மீட்டர் உயரம் என்கிறான் மகன். வெள்ளிக்கிழமை காலை சமவெளியிலிருந்து காரில் கிளம்பி மாலையில் சேர்கிறோம். சனிக்கிழமை கேபிள் காரில் இன்னும் மேலே போய்ப் பனியில் விளையாட்டு. ஞாயிறு திரும்பிவிடுவோம். சில ஆண்டுகளுக்கு முன் இதேபோன்ற ஓர் இடத்துக்குப் போனபோது முதல் இரவு முழுவதும் மண்டையைப் பிளக்கும் தலைவலி, வாந்தி. 'உனக்குக் குளிர் ஒத்துக்கொள்ளாது' என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள். பேத்திக்கு லேசான ஆஸ்துமா உண்டு. நான் போகலாமா? குளிரைத் தாங்க ஏதாவது மாத்திரை இருக்கிறதா?

பதில்: போகலாம், அம்மா. ஆனால் இப்போது போட்டிருக்கும் திட்டப்படி வேண்டாம். குளிரைத் தாங்க மாத்திரை எதுவும் கிடையாது, அதற்குக் கம்பளிதான். உங்களுக்குத் தேவைப்படக்கூடிய மாத்திரை ஒன்று இருக்கிறது, அது வேறு காரணத்துக்கு.

அன்றைக்கு உங்களைப் படுத்தியது குளிராக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. உயரமான ஊருக்கு ஒரே நாளில் ஏறிப்போய், அன்றிரவே தலைவலி, குமட்டல், வாந்தி என்றால் எந்த மருத்துவரும் முதலில் நினைப்பது உயர நோயைத்தான். மலை ஏற ஏறக் காற்றில் ஆக்ஸிஜனின் பங்கு குறைவதில்லை. எங்கும் அதே 21 சதவீதம்தான். குறைவது காற்றின் அழுத்தம். கடல் மட்டத்தில் 760 மில்லிமீட்டர் பாதரச அளவில் இருப்பது 2,700 மீட்டரில் ஏறத்தாழ 550 ஆகிவிடுகிறது. ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்ஸிஜன் கால்வாசிக்கு மேல் குறைந்துபோகிறது. உடல் இதற்குப் பழகிக்கொள்ளும். மூச்சை ஆழமாக்கும், சிறுநீரகம் ரத்தத்தின் காரத்தன்மையைச் சரிசெய்யும். ஆனால் அதற்கு இரண்டு மூன்று நாட்களாவது வேண்டும்.

வார இறுதிப் பயணத்தின் சிக்கல் இங்கேதான் இருக்கிறது. தொந்தரவு பெரும்பாலும் போய்ச் சேர்ந்த ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் தொடங்கும். அதாவது சரியாக முதல் இரவில். உடல் ஓரளவு பழகி முடிக்கும் நேரத்தில் நீங்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டிருப்பீர்கள். ஒரு வாரம் தங்கப் போகிறவருக்கு முதல் நாள் வீணானால் பரவாயில்லை. உங்களுக்கு முதல் நாள் என்பது பயணத்தில் பாதி. பனி பொழியும் ஊர் என்றாலே ஸ்வெட்டர், மப்ளர், கையுறை என்று ஒரு மாதத்துக்கு முன்பே வாங்கத் தொடங்கிவிடுகிறோம். இரவு தூங்கப்போகும் இடம் எத்தனை மீட்டர் உயரம் என்று கேட்டு வைப்பவர்கள் குறைவு. உங்கள் மகன் கேட்டு வைத்திருக்கிறார். அந்த எண்தான் இந்தப் பதிலுக்கே அடிப்படை.

பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல் தூங்கினால் உயர நோய் வரலாம். அந்த உயரத்துக்கு நேரே ஏறிப்போய்த் தூங்குகிறவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு ஏதோ ஒரு அளவில் அது வருகிறது. யாருக்கு வரும் என்று சொல்வதில் எங்களுக்கு இருக்கும் மிக நல்ல துப்பு, அவருக்கு முன்பு வந்திருக்கிறதா என்பதே. உங்களுக்கு வந்திருக்கிறது. தினமும் ஓடி உடம்பை இறுக்கமாக வைத்திருப்பவர்களுக்கும் இதிலிருந்து விலக்கு இல்லை. ஆகவே உங்கள் மகனும் 'எனக்கெல்லாம் ஒன்றும் ஆகாது' என்று இருந்துவிட வேண்டாம். காரை ஓட்டுபவர் அவர்தானே.

திட்டத்தில் மாற்ற வேண்டியது வெள்ளிக்கிழமை இரவை. வழியில் 1,500 முதல் 2,000 மீட்டருக்குள் இருக்கும் ஓர் ஊரில் அந்த இரவைக் கழியுங்கள். சனிக்கிழமை காலை நிதானமாக மேலே போய், பனியைப் பார்த்து, விளையாடிவிட்டு, ஒத்துவந்தால் ஓர் இரவு மேலே தங்குங்கள். இன்னும் நல்ல வழி, இரண்டு இரவும் கீழேயே தங்கிக்கொண்டு பகலில் மட்டும் மேலே போய் வருவது. பகலில் ஏறுவதைவிட எங்கே தூங்குகிறோம் என்பதுதான் உடலை அதிகம் சோதிக்கிறது, ஏனெனில் தூக்கத்தில் மூச்சு இன்னும் மெதுவாகும். கூடுதலாக ஒரு நாள் விடுப்பு கிடைத்தால் மிகவும் நல்லது. 2,000 மீட்டருக்குக் கீழேயே பனி கிடைக்கும் மலை ஊர்களும் உலகில் ஏராளம். அப்படி ஓர் ஊரைத் தேர்ந்தெடுத்தால் இந்தப் பதிலில் பாதியை நீங்கள் படிக்கவே வேண்டாம்.

அறையை மாற்றவே முடியாது, முதல் இரவே 2,700 மீட்டரில்தான் என்றால், முன்பு வந்த வரலாறு இருப்பதால் அசெட்டசோலமைடு என்ற மாத்திரையை நான் பரிசீலிப்பேன். பெரியவர்களுக்கு வழக்கமான தடுப்பு அளவு 125 மில்லிகிராம், நாளுக்கு இருமுறை, கிளம்புவதற்கு முந்தைய நாளிலிருந்து. இது தலைவலியை மறைக்கும் மருந்தல்ல. சிறுநீரகம் செய்ய வேண்டிய வேலையை விரைவுபடுத்தி, உங்களை அதிகமாக மூச்சுவிட வைக்கிறது. சிறுநீர் அதிகம் போகும், விரல் நுனிகளில் ஊசி குத்துவதுபோல் இருக்கும், சோடா குடித்தால் சுவையே இல்லாமல் இருக்கும். இவை எல்லாம் எதிர்பார்க்கப்படுபவை. ஆனால் இதை நீங்களே கடையில் வாங்கிப் போட்டுக்கொள்ளக் கூடாது. சல்ஃபா மருந்துகளுக்குக் கடுமையான ஒவ்வாமை வந்திருந்தால் இது கூடாது. சிறுநீரகச் செயல்பாடு குறைந்திருந்தாலும், ரத்த அழுத்தத்துக்குச் சிறுநீர் பிரிக்கும் மாத்திரை ஏற்கனவே எடுத்துக்கொண்டிருந்தாலும் சிந்தித்துத்தான் தர வேண்டும். மெட்ஃபார்மின் வேறு எடுக்கிறீர்கள். வாந்தி வந்து நீர்ச்சத்து குறைந்த நிலையில் அது தொந்தரவு தரலாம். எனவே சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் கிரியாட்டினின் பரிசோதனை ஒன்று செய்துகொண்டு, உங்களை வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரிடம் கேட்டு முடிவெடுங்கள்.

மேலே போனபின் லேசான தலைவலி வந்தால் பாரசிட்டமால் போட்டுக்கொண்டு ஓய்வெடுக்கலாம். ஆனால் தலைவலி இருக்கும்வரை கேபிள் காரில் ஏறக் கூடாது. 'டிக்கெட் எடுத்தாகிவிட்டது, தலைவலி போய்விடும் வா' என்று யாராவது இழுத்தால், அவர்களை மட்டும் அனுப்பிவிட்டு அறையில் இருங்கள். கொண்டை ஊசி வளைவுகளால் வரும் குமட்டல் காரைவிட்டு இறங்கிய கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். இரவு ஏறஏற அதிகமாகும் குமட்டல் அந்த வகையல்ல. மது வேண்டாம், தூக்க மாத்திரையும் வேண்டாம். இரண்டும் தூக்கத்தில் மூச்சை மந்தமாக்கும். மது உடம்பைச் சூடாக்குகிறது என்பதும் பொய்யான உணர்வு. அது தோலின் ரத்தக்குழாய்களை விரிப்பதால் உள்ளிருக்கும் வெப்பம் வேகமாக வெளியேறுகிறது.

உட்கார்ந்திருக்கும்போதே மூச்சிரைப்பது, விடாத இருமல், நேர்க்கோட்டில் குதிகாலும் விரலும் தொட நடக்கச் சொன்னால் தள்ளாடுவது, பேச்சில் குழப்பம் ஆகியவற்றில் எது வந்தாலும் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. நுரையீரலில் நீர் கோத்திருக்கலாம், அல்லது மூளை வீங்கியிருக்கலாம். முதலில் செய்ய வேண்டியது கீழே இறங்குவது. குறைந்தது 300 மீட்டர், முடிந்தால் 1,000 மீட்டர். பனியால் சாலை மூடியிருந்தால் அருகிலிருக்கும் மருத்துவமனையில் ஆக்ஸிஜன் வாங்குங்கள். ஊருக்குப் போனவுடன் மருத்துவமனை எங்கே, இரவில் சாலை திறந்திருக்குமா என்ற இரண்டையும் விடுதியில் விசாரித்து வையுங்கள். விரலில் மாட்டி ரத்தத்தின் ஆக்ஸிஜன் அளவைப் பார்க்கும் பல்ஸ் ஆக்ஸிமீட்டர் கொண்டு போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சமவெளியில் 97, 98 காட்டியவருக்கு அங்கே 92 காட்டினால் பயப்பட வேண்டியதில்லை. விரல் சில்லிட்டிருந்தால் அது காட்டும் எண்ணையே நம்ப முடியாது. ஆளைப் பாருங்கள்.

இதே தலைவலிக்கு இன்னொரு காரணமும் உண்டு, அது ஆளைக் கொல்லும். குளிருக்குப் பயந்து கதவு ஜன்னல்களை இறுக மூடி, உள்ளே கரிக் கணப்போ எரிவாயு ஹீட்டரோ வைத்துக்கொண்டு தூங்கினால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு மணமில்லை, நிறமில்லை. தலைவலி, குமட்டல், சோர்வு என்று அறிகுறிகள் உயர நோயை அப்படியே ஒத்திருக்கும். ஒரே அறையில் இருக்கும் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் தலை வலிக்கிறதா, வெளியே வந்து நின்றால் தெளிகிறதா? அப்படியென்றால் அறையைத்தான் சந்தேகிக்க வேண்டும். ஆக்ஸிமீட்டர் இங்கே உதவாது. இந்த நச்சு இருக்கும்போதும் அது நல்ல எண்ணையே காட்டும். அறை பதிவு செய்யும்போதே சூடேற்ற என்ன வசதி என்று கேளுங்கள். மின்சார ஹீட்டரோ, குழாய்வழிச் சூடோ இருந்தால் நிம்மதி. உள்ளே கரி எரிப்பார்கள் என்றால் வேறு விடுதி பாருங்கள்.

இனி உங்கள் சர்க்கரை. இன்சுலின் உறைந்துவிட்டால் கெட்டுப்போனதுதான். உருகியபின் தெளிவாகத் தெரிந்தாலும் பயன்படுத்தக் கூடாது. இரவில் காரிலேயே பையை விட்டுவிடாதீர்கள். வெளியே போகும்போது ஸ்வெட்டருக்கு உட்புறம், உடம்பை ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். மாற்று இன்சுலின் பேனா ஒன்று கூடவே இருக்கட்டும். குளுக்கோமீட்டரும் குளிரில் தவறாகக் காட்டும் அல்லது வேலை செய்யாது. பல கருவிகளுக்கு 10 டிகிரி செல்சியஸ் தான் கீழ் எல்லை. அறைக்குள் வைத்துப் பாருங்கள். பனியில் நடப்பது தார்ச்சாலையில் நடப்பதைவிடப் பல மடங்கு உழைப்பு. உயரத்தில் பசியும் குறையும். இரண்டும் சேர்ந்தால் சர்க்கரை சரேலென்று இறங்கும். அப்போது வரும் நடுக்கத்தைக் குளிர் நடுக்கம் என்று நினைத்துவிடுவது எளிது. சந்தேகம் வந்தால் குளுக்கோஸைச் சாப்பிட்டுவிட்டு, பிறகு அறைக்குப் போய்ச் சோதித்துக்கொள்ளுங்கள்.

பாதம் மரத்தாற்போல் இருக்கும் என்று ஒரே வரியில் சொல்லிவிட்டீர்கள். உங்கள் கடிதத்தில் எனக்கு அதுவும் முக்கியம். மற்றவர்களுக்குக் கால் உறையத் தொடங்கினால் முதலில் வலிக்கும். உங்களுக்கு அந்த எச்சரிக்கை வராமலே போகலாம். காலணி தண்ணீர் புகாததாகவும், தடித்த காலுறையுடன் விரல்களை அசைக்க இடம் விடுவதாகவும் இருக்க வேண்டும். இரண்டு காலுறையைப் போட்டு இறுக்கமான காலணிக்குள் திணித்தால் ரத்தவோட்டம் குறைந்து குளிர் கூடத்தான் செய்யும். பருத்தி நனைந்தால் காய்வதற்கு நேரமாகும், கம்பளியே மேல். ஒரு மணி நேரத்துக்கொருமுறை உள்ளே வந்து காலுறையைக் கழற்றிப் பாருங்கள். விரல் வெளுத்து மெழுகுபோல் இருந்தால் தேய்க்கக் கூடாது, நெருப்பில் காட்டக் கூடாது. 37 முதல் 39 டிகிரி வெதுவெதுப்பான நீரில் வைத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். நீரின் சூட்டை மருமகள் கை வைத்துப் பார்க்கட்டும், உங்கள் கால் அதைச் சரியாகச் சொல்லாது. அதே காரணத்துக்காக, படுக்கையில் காலடியில் வெந்நீர்ப் பை வைப்பதும் உங்களுக்கு வேண்டாம்.

ரத்த அழுத்தம் குளிரிலும் உயரத்திலும் கொஞ்சம் ஏறும். கட்டுப்பாட்டில் இருப்பதால் மாத்திரையைத் தவறாமல் போட்டுக்கொண்டால் போதும். மார்பில் அழுத்தமோ, நடந்தால் மூச்சிரைப்போ அண்மையில் வந்திருந்தால் மட்டும், பயணத்தை ஒத்திவைத்து இதயப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

பேத்தியின் ஆஸ்துமா நல்ல கட்டுப்பாட்டில் இருந்தால் அவள் தாராளமாக வரலாம். அண்மைய வாரங்களில் இழுப்பு வந்திருந்தால் வேண்டாம். குளிர்ந்த உலர்ந்த காற்று மூச்சுக்குழலைச் சுருக்கும். மூக்கும் வாயும் மூடும்படி மப்ளரைச் சுற்றிவிடுங்கள். தினசரி இன்ஹேலர் ஒரு வேளையும் விடக் கூடாது. நிவாரண இன்ஹேலர் குளிரில் சரியாகப் பீய்ச்சாது, எனவே அது பெரியவர் ஒருவரின் உள்சட்டைப் பையில் இருக்கட்டும். விளையாடப் போவதற்குக் கால்மணி நேரம் முன்பு அதைப் பயன்படுத்த வேண்டுமா என்று அவளுடைய மருத்துவரிடம் கேளுங்கள். குழந்தைகள் 'தலை வலிக்கிறது' என்று தெளிவாகச் சொல்ல மாட்டார்கள். ஓடி விளையாடும் பிள்ளை மேலே போனபின் சாப்பிடாமல், சிணுங்கிக்கொண்டு, மடியிலேயே கிடந்தால் அதையும் உயர நோயாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.

கறுப்புக் கண்ணாடி எல்லோருக்கும் வேண்டும், அவளுக்கும் சேர்த்து. புதிதாக விழுந்த பனி புற ஊதாக் கதிரில் 80 சதவீதம் வரை திருப்பி அனுப்பும். ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் அதன் வலு சுமார் 10 சதவீதம் கூடவும் செய்யும். மேகமூட்டமாக இருந்தாலும் கண் வெந்துபோகும். பகலில் ஒன்றும் தெரியாது. இரவில்தான் மணலைக் கொட்டியதுபோல் எரிந்து நீர் வழியும். பொம்மைக் கண்ணாடி வாங்காதீர்கள். கறுப்பாக இருப்பதால் மட்டும் கதிர் நிற்காது. புற ஊதாக் கதிரைத் தடுக்கும் என்று அட்டையில் குறிப்பிட்டதை, பக்கவாட்டிலும் மூடும்படி வாங்குங்கள்.

உங்கள் மருத்துவரைப் பார்க்கப் போகும்போது இப்போது எடுக்கும் மாத்திரைகள் எல்லாவற்றையும், தூங்கப்போகும் ஒவ்வோர் ஊரின் உயரத்தையும் ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். கிளம்ப இரண்டு வாரம் இருக்கும்போதே போய்விட்டால், பரிசோதனை முடிவைப் பார்த்து மாத்திரை வேண்டுமா என்று தீர்மானிக்க அவருக்கும் நேரம் இருக்கும். அறைப் பதிவை மாற்ற உங்கள் மகனுக்கும் நேரம் இருக்கும்.