புதிதாகச் சேர்ந்த விரிவுரையாளர் முதல் வகுப்பில் என்ன செய்ய வேண்டும்: விதிகளா, பாடமா?

முதலில் ஒரு கேள்வி. வெப்ப இயக்கவியல் எடுக்கும்போது, "குக்கரில் பருப்பு ஏன் சீக்கிரம் வேகிறது?" என்று கேட்டு, பக்கத்தில் இருப்பவரோடு இரண்டு நிமிடம் பேசச் சொல்வேன். "ஆவி அழுத்துது சார்" என்று கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல் வரும். சரி, அழுத்தம் கூடினால் தண்ணீர் எத்தனை டிகிரியில் கொதிக்கும்? 100 என்று அடித்துச் சொல்பவர்கள், கிட்டத்தட்ட 120 என்றதும் நிமிர்ந்து உட்காருவார்கள்.

அப்புறம் விதிகள். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறைப்படி தியரி பாடத்துக்கு அகமதிப்பீடு 40, செமஸ்டர் தேர்வு 60, வருகை 75 சதவீதம். இதெல்லாம் சீனியர்களே சொல்லியிருப்பார்கள். அசைன்மெண்ட் ஒரு நாள் தாமதமானால் எத்தனை மதிப்பெண் போகும், சந்தேகம் கேட்க எப்போது வரலாம் என்பதுதான் தெரியாது. அதைப் போர்டில் எழுதிப் போடுங்கள், போட்டோ எடுத்துக்கொள்ளட்டும்.