நேர நிர்வாக வகுப்புக்கு 2,400 வெள்ளி: கட்டலாமா, இணையத்தில் சும்மாவே படிக்கலாமா?

கேள்வி: பாயான் லெப்பாஸில் ஒரு மின்னியல் தொழிற்சாலையில் லைன் லீடராக இருக்கிறேன். 12 மணி நேர ஷிப்ட். இந்த வருட மதிப்பீட்டில் மேலாளர் 'நேர நிர்வாகம் போதாது' என்று எழுதிவிட்டார். இணையத்தில் தேடினால் ஒருவர் காலை 5 மணிக்கு எழச் சொல்கிறார், இன்னொருவர் 21 நாளில் எல்லாம் பழகிவிடும் என்கிறார். எதை நம்புவது? முகநூலில் பார்த்து ஓர் இலவச வகுப்பில் சேர்ந்தேன். கடைசியில் முழுப் பயிற்சிக்கு 2,400 வெள்ளி என்றார்கள். 'இப்போது நீங்கள் கட்டுங்கள், பிறகு எச்ஆர்டியில் கிளேம் செய்துகொள்ளலாம்' என்று ஏஜெண்ட் புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) விடாமல் செய்தி அனுப்புகிறார். 200 வெள்ளி முன்பணம் கட்டிவிட்டேன்.
வாசகி, பட்டர்வொர்த்

பதில்: சகோதரி, மீதி 2,200 வெள்ளியைக் கட்டாதீர்கள். மற்றதை அப்புறம் பேசுவோம்.

ஏஜெண்ட் சொல்வது நடக்காத காரியம். எச்ஆர்டி கார்ப் என்ற அரசின் மனிதவள மேம்பாட்டு அமைப்பில் உங்கள் பெயரில் பணம் எதுவும் இல்லை. உங்கள் தொழிற்சாலை போல 10 அல்லது அதற்கு மேற்பட்ட மலேசியத் தொழிலாளர்களை வைத்திருக்கும் நிறுவனம், சம்பளத் தொகையில் 1 விழுக்காட்டை மாதாமாதம் லெவியாக, அதாவது பயிற்சிக்கான கட்டாயக் கட்டணமாகக் கட்டுகிறது. அது முதலாளியின் பணம், உங்கள் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. பயிற்சிக்கு விண்ணப்பிப்பதும் நிறுவனம்தான், அதுவும் வகுப்பு தொடங்குவதற்கு முன்பே. நீங்கள் கைக்காசைக் கொடுத்துவிட்டு ரசீதோடு போய் நின்றால் ஒரு காசும் வராது.

ஒரு விதிவிலக்கு உண்டு. ஏஜெண்டுகள் அதைத்தான் பிடித்துக்கொண்டு தொங்குகிறார்கள், அதனால் விவரமாகவே சொல்கிறேன். 5 முதல் 9 தொழிலாளர்கள் உள்ள சிறிய நிறுவனங்கள் விரும்பினால் பதிந்துகொண்டு அரை விழுக்காடு கட்டலாம். உங்கள் கணவரோ அண்ணனோ ஆறு பேரை வைத்து ஒரு கடை நடத்துகிறார், கடையும் முறையாகப் பதிந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் விண்ணப்பிப்பது கடைதான், அனுப்புவதும் கடையின் சொந்த ஊழியரைத்தான். தொழிற்சாலையில் சம்பளம் வாங்கும் நீங்கள் அந்தப் பட்டியலில் வர முடியாது. 'அக்கா, உங்கள் பெயரையும் கடை ஆளாகப் போட்டுவிடலாம்' என்று ஆரம்பித்தால் போனை வைத்துவிடுங்கள். அது பொய் விண்ணப்பம். மாட்டினால் கடைக்காரரும் நீங்களும்தான் பதில் சொல்ல வேண்டும், ஏஜெண்ட் எண்ணை மாற்றிக்கொண்டு போய்விடுவார்.

'வருமான வரியில் திரும்பக் கிடைக்கும்' என்று சிலர் சொல்வதும் இதே ரகம். வரிக் கழிவு என்பது வரி கணக்கிடும் வருமானத்தைக் குறைப்பது, காசு திரும்புவது வேறு. வகுப்பு கழிவுக்குத் தகுதி பெற்றது என்றே வைத்துக்கொண்டாலும், 6 விழுக்காட்டுப் படியில் வரி கட்டுகிறவருக்கு 1,000 வெள்ளிக் கழிவால் மிச்சமாவது 60 வெள்ளிதான்.

பல வருடம் தொழிற்சாலைப் பயிற்சிப் பிரிவில் வேலை பார்த்தவன் என்பதால் சொல்கிறேன், இந்த லெவிப் பயிற்சி ஏற்பாட்டில் எல்லாவற்றுக்கும் படிவம் உண்டு. வருகைத் தாள், கையெழுத்து, மதிய பிரியாணி, கடைசியில் பேனருக்கு முன்னால் குழுப்படம். ஆனால் மூன்று மாதம் கழித்து 'அந்த லைனில் என்ன மாறியது?' என்று கேட்ட ஒரு தாளை நான் பார்த்ததில்லை. லெவி வீணாகிவிடுமே என்று வருடக் கடைசியில் ஹோட்டல் மண்டபத்தை நிரப்புவார்கள். அங்கே பேசிய கதைகள்தான் பிறகு இணையத்தில் கட்டுரையாகவும் காணொளியாகவும் சுற்றுகின்றன.

சரி, இணையத்தில் எதை நம்புவது? எனக்குத் தெரிந்த எளிய வழி, 'இது எங்கிருந்து வந்தது?' என்று கேட்பதுதான். நீங்கள் எழுதிய 21 நாளையே எடுத்துக்கொள்ளுங்கள். மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் அறுவை மருத்துவர், நோயாளிகள் தங்கள் புது முகத்துக்குப் பழக குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்று 1960இல் எழுதினார். வாய் மாறி வாய் மாறி 'குறைந்தது' போனது, முகமும் போனது, 21 மட்டும் நின்றது. லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலி குழுவினர் 96 பேரைக் கவனித்துப் பார்த்ததில், ஒரு பழக்கம் படிய சராசரியாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை வித்தியாசம். 22ஆம் நாள் நீங்கள் தடுமாறினால் அது உங்கள் குறை இல்லை.

இன்னொன்றும் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1953இல் யேல் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றவர்களில் 3 விழுக்காட்டினர் மட்டும் இலக்கை எழுதி வைத்தார்களாம். 20 வருடம் கழித்துப் பார்த்தால், மீதி 97 விழுக்காட்டினரின் மொத்தச் சொத்தை விட அவர்களிடம் அதிகம் இருந்ததாம். அப்படி ஓர் ஆய்வு நடக்கவே இல்லை. யேலே இல்லை என்று சொல்லிவிட்டது. சிலர் யேலை ஹார்வர்டாக மாற்றிச் சொல்வார்கள், அதுவும் இல்லை. ஒரு பக்கமோ காணொளியோ இதை உண்மையாகச் சொன்னால் அங்கேயே மூடிவிடலாம், பேசுகிறவர் பெயருக்கு முன்னால் 'டாக்டர்' இருந்தாலும் சரி. எந்தப் பல்கலைக்கழகம், என்ன பாடம் என்று அவர் பக்கத்தில் எழுதியிருக்காவிட்டால் அந்தப் பட்டத்தைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

படிப்பதற்கு இரண்டு இடம் போதும். பிரிட்டனின் ஓப்பன் யூனிவர்சிட்டி நடத்தும் ஓப்பன்லேர்ன் தளத்தில் குறும்பாடங்கள் இலவசம். கடைசியில் யாரும் கிரெடிட் கார்டு கேட்க மாட்டார்கள். அடுத்தது, பிளாஸ் ஒன் ஆய்விதழில் 2021இல் வந்த ஒரு கட்டுரை. நேர நிர்வாகம் உண்மையில் பலன் தருகிறதா என்று 158 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்திருக்கிறார்கள், யாரும் காசில்லாமல் படிக்கலாம். முழுவதும் வேண்டாம், மேலே இருக்கும் சுருக்கத்தை மட்டும் மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டு மலாயில் படியுங்கள். (தமிழில் போட்டால் சில வரிகளுக்குச் சிரிப்புத்தான் வருகிறது.) நேர நிர்வாகம் வேலைத் திறனுக்கு ஓரளவு உதவுகிறது, அதைவிட வாழ்க்கைத் திருப்திக்கு அதிகம் உதவுகிறது என்கிறது அது. எந்த விளம்பரமாவது இப்படிச் சொல்லிப் பார்த்திருக்கிறீர்களா? வீட்டில் பிள்ளைகள் சத்தத்தில் படிக்க முடியவில்லை என்றால், ஜார்ஜ்டவுன் ஜாலான் மஸ்ஜித் நெகிரியில் பினாங்கு டிஜிட்டல் நூலகம் இருக்கிறது. பாலம் கடந்து வரவேண்டும், அதுதான் சிரமம்.

5 மணி விஷயம் உங்களுக்குத் தேவையே இல்லை. இரவு ஷிப்டில் காலை 5 மணிக்கு நீங்கள் லைனில் நின்றுகொண்டிருப்பீர்கள். 25 நிமிடம் வேலை, 5 நிமிடம் ஓய்வு என்ற முறைக்குச் செயலி வாங்கச் சொல்வார்கள். அதைக் கண்டுபிடித்த பிரான்செஸ்கோ சிரில்லோவே தக்காளி வடிவச் சமையலறைக் கடிகாரத்தைத்தான் வைத்துக்கொண்டார். தவிர, லைனில் 25 நிமிடத்துக்கு ஒருமுறை யார் ஓய்வு தரப்போகிறார்கள்?

உங்கள் வேலைக்கு ஒத்துவருவது, 'இது நடந்ததும் இதைச் செய்வேன்' என்று முன்கூட்டியே முடிவு செய்துகொள்வது. ஜெர்மானிய உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் பல காலம் ஆராய்ந்த முறை இது, 2006இல் 94 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோதும் நன்றாகவே தேறியது. 'நேரத்தை ஒழுங்காகப் பயன்படுத்துவேன்' என்று எழுதாதீர்கள். 'முந்தைய ஷிப்ட் லீடர் கையெழுத்துப் போட்டதும், யாரோடும் பேசுவதற்கு முன் ரிஜெக்ட் ட்ரேயை எண்ணிப் புத்தகத்தில் எழுதுவேன்' என்று எழுதுங்கள். இந்த ஒரு வரியை இரண்டு மாதம் விடாமல் செய்து, அந்தப் புத்தகத்தையே மேலாளரிடம் காட்டுங்கள். பயிற்சிதான் வேண்டும் என்று அவர் சொன்னால், நிறுவனத்தின் லெவியிலிருந்து அனுப்பும்படி மனிதவளப் பிரிவுக்கு எழுத்தில் கேளுங்கள்.

இனி அந்த 200 வெள்ளி. பணம் போன வங்கிக் கணக்கு எண்ணைப் போலீஸின் செமாக் மியூல் தளத்தில் போட்டு, புகார் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு பணத்தைத் திருப்பித் தரும்படி எழுத்தில் கேளுங்கள், போனில் பேசாதீர்கள். மறுத்தால் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டி மனுப் போடலாம். 50,000 வெள்ளி வரையிலான வழக்குகளை அங்கே எடுப்பார்கள், வழக்கறிஞர் தேவையில்லை. 200 வெள்ளிக்காக இவ்வளவு அலைச்சலா என்று நீங்கள் விட்டுவிடுவீர்கள் என்பதுதான் அவர்கள் கணக்கு. அதற்கெல்லாம் முன்னால், 'கிளேம் செய்துகொள்ளலாம்' என்று ஏஜெண்ட் எழுதிய செய்திகளை இன்றைக்கே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். தானாக மறையும்படி அவர் அமைத்திருந்தால் கேட்கப் போகும் நாளில் கையில் எதுவும் இருக்காது.