வட சென்னையில் குடும்ப சிகிச்சையாளரை எங்கே பார்க்கலாம்? குடிக்கிற அண்ணன் வர மறுத்தால் நாங்கள் மட்டும் போகலாமா?

தாராளமாகப் போகலாம். நீங்களும் அண்ணியும் அம்மாவும் போனாலே போதும். பதினோரு வருடமாக இந்தப் பக்கம் மனநல சமூகப் பணியாளராக இருக்கிறேன். குடிக்கிறவர் முதல் நாளே தானாக வந்து உட்கார்ந்த வீடுகள் குறைவு.

ஆனால் 'குடும்ப சிகிச்சையாளர்' என்று போர்டைத் தேடி அலையாதீர்கள். அமெரிக்காவில் அந்தப் பெயரில் தனி உரிமமே கொடுக்கிறார்கள், இங்கே அப்படி இல்லை. மனநல சமூகப் பணியாளர், மருத்துவ உளவியலாளர், ஆலோசகர் என்ற பெயர்களில்தான் இந்த வேலை நடக்கிறது. ஸ்டான்லி மருத்துவமனையின் மனநலப் பிரிவு, குடிநோய் மறுவாழ்வு மையங்கள், பள்ளிக்கூடம், குடும்ப நீதிமன்றம், தொண்டு நிறுவனம் என்று எங்கெங்கோ இருக்கிறோம். அப்படிப் பல இடத்தில் இருந்தால்தான் சரிவரும் என்பது என் அனுபவம். வீட்டில் உள்ள பிரச்சினை ஒரு வாசலில் இருக்கும், அது வெளியே தெரிவது வேறு வாசலில்.

ஒரு வீட்டைப் பற்றிச் சொல்கிறேன், அடையாளம் தெரியாதபடி மாற்றித்தான். எட்டாம் வகுப்புப் பெண் வகுப்பில் தூங்கி விழுகிறாள் என்று பள்ளியிலிருந்து என்னிடம் அனுப்பினார்கள். ரத்தசோகை இருக்குமோ என்று பார்த்தாயிற்று, இல்லை. ஹவுசிங் போர்டில் மூன்றாவது மாடி. வீட்டுக்குப் போய்ப் பாயில் உட்கார்ந்து பேசினேன். ஆஸ்பத்திரியில் 'மேடம்' என்று கூப்பிடுகிறவர்கள் வீட்டில் 'அக்கா' என்பார்கள், பேச்சும் அங்கேதான் வரும். அந்தப் பெண் சொன்னாள்: "செருப்பு சத்தத்துலயே தெரிஞ்சிடும்க்கா. நிக்காம ஏறி வந்தா குடிக்கலை. ரெண்டாவது மாடில நின்னுட்டு வந்தா குடிச்சிருக்காரு. உடனே தம்பிய எழுப்பி ஆயா வீட்டுக்கு இட்டுனு போயிடுவேன்." தினமும் அந்தச் சத்தத்துக்காகப் பதினொன்று, பன்னிரண்டு மணி வரை முழித்திருக்கிறாள். அம்மாவுக்கு இது தெரியவே தெரியாது.

சில மாதம் கழித்து அவள் அப்பா சிகிச்சைக்குச் சேர்ந்தார். உடம்பு தேறிய பிறகு, மகளின் சம்மதத்தோடு, எல்லோரையும் ஒரே அறையில் உட்கார வைத்தேன். மகள் அதையே சொன்னாள். அவர் வெகுநேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் சொன்னார்: "பசங்களுக்குத் தெரியக்கூடாதுன்னுதான் அங்க நின்னு மூஞ்சி தொடைச்சிக்கினு, சட்டை பட்டன் போட்டுக்கினு வருவேன்."

மாத்திரையால் மட்டும் இந்தப் பேச்சு வந்திருக்காது. அன்றைக்கு அந்த வீட்டில் முடிவானது ஒன்றுதான்: பத்து மணிக்குப் பிள்ளைகள் ஆயா வீட்டில் படுத்துவிட வேண்டும், கதவைத் திறப்பது பெரியவர்கள் பொறுப்பு. அவர் அதன் பிறகும் இரண்டு முறை வழுக்கிக் குடித்தார். இரண்டு முறையும் அந்தப் பெண் தூங்கினாள். எனக்கு அது பெரிய விஷயம்.

குடும்பத்தைச் சேர்த்துக்கொள்வது நம் நாட்டுக்குப் புதிது இல்லை. 1950களிலேயே அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யா சாகர் நோயாளிகளின் வீட்டாரை வளாகத்திலேயே கூடாரத்தில் தங்க வைத்தார். பெங்களூருவில் உள்ள தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸில் குடும்பங்களுக்கென்றே தனி மையம் இருக்கிறது. நம் பக்கம் குறை எங்கே என்றால் நேரத்தில். காசிமேட்டில் விடிவதற்கு முன்னால் ஏலம் எடுத்து மத்தியானம் வரை மீன் விற்கிற அம்மாவை, காலை பதினோரு மணிக்கு வரச் சொன்னால் எப்படி வருவார்? 'ஒத்துழைப்பு இல்லை' என்று கோப்பில் எழுதிவிடுகிறார்கள். ஆரம்பத்தில் நானும் எழுதியிருக்கிறேன், இன்றும் அது உறுத்துகிறது. விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். ஆண்கள் வீட்டில் இருப்பார்கள், கையில் காசு இருக்காது, சண்டை கூடும். ஆனால் மொத்தக் குடும்பமும் ஒன்றாகக் கிடைப்பது அப்போதுதான். உங்கள் அண்ணன் கடலுக்குப் போகிறவராக இருந்தால் அந்த மாதங்களை விட்டுவிடாதீர்கள்.

ஒன்றைக் கேட்டே ஆக வேண்டும்: அண்ணியை அவர் அடிக்கிறாரா? அடி உதை இருக்கிற வீட்டில் இருவரையும் சேர்த்து உட்கார வைக்கக் கூடாது. அறையில் அண்ணி வாய் திறந்து சொன்னதற்கு வீட்டில் அடி விழும். அண்ணி தனியாகப் பேசட்டும். பெண்கள் உதவி எண் 181-ஐ அவர் போனில் வேறு பெயரில் சேமித்துக் கொடுங்கள்.

சரி, எங்கே தொடங்குவது? செலவில்லாமல் என்றால் ஸ்டான்லி மனநலப் புறநோயாளிப் பிரிவு. 'குடும்பத்தோடு பேச சமூகப் பணியாளர் இருக்கிறாரா' என்று அங்கே கேளுங்கள். நேரில் போகத் தயக்கமாக இருந்தால் 14416, அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸ். இலவசம், இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். தனியாரிடம் போனால் அவர் என்ன படித்தார் என்று கூச்சப்படாமல் கேளுங்கள். மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு எண் இருக்க வேண்டும்.

அதுவரை அண்ணனை வீட்டில் பூட்டி வைத்துக் குடியை நிறுத்தப் பார்க்காதீர்கள். வருடக்கணக்கில் தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால், இரண்டு மூன்று நாளுக்குள் வலிப்போ மனக்குழப்பமோ வரலாம், உயிருக்கே ஆபத்து. கை நடுக்கத்தோடு உளறவோ, இல்லாததை எல்லாம் பார்க்கவோ ஆரம்பித்தால் விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.