தொட்டிப்பாலத்துல போய் சேருற கோடுகள்

கேள்வி: மாத்தூர் தொட்டிப்பாலத்துக்கு மேல நடக்கும்போது நடைபாதையோட ரெண்டு ஓரமும் தூரத்துல ஒண்ணா சேர்ற மாதிரி தெரிஞ்சுது. எட்டாங்கிளாஸ் படிக்கிற மவன் "இணைகோடு சேரவே சேராதுன்னு டீச்சர் சொன்னாங்களே"ன்னு கேக்கான். எது சரி?
- வாசகி, குலசேகரம்

பதில்: ரெண்டும் சரிதான்க்கா. டீச்சர் சொன்னது பாலத்தைப் பத்தி, நீங்க பாத்தது பாலம் கண்ணுல விழுற படத்தை.

பாதையோட அகலம் எங்கயும் மாறல. ஆனா ரெண்டு மடங்கு தூரத்துல இருக்கிறது கண்ணுக்கு பாதியாத்தான் தெரியும், மூணு மடங்குல மூணுல ஒரு பங்கு, இப்படியே குறைஞ்சு குறைஞ்சு ஓரங்க சேர்ற மாதிரி தெரியிற இடம்தான் மறையும் புள்ளி. இத்தாலிக்காரர் ஆல்பர்ட்டி 1435லயே ஓவியக்காரங்களுக்கு இதை வச்சு படம் போடுற முறையை எழுதி வச்சிட்டாரு. 1639ல பிரான்ஸ்காரர் டெசார்க் இன்னும் ஒருபடி மேல போய், இணைகோடுகளும் முடிவிலியில ஒரு புள்ளியில சேருதுன்னே வச்சுக்குவோம், அதையும் மத்த புள்ளி மாதிரியே கணக்குல சேத்துக்குவோம்னாரு. அப்போ பெருசா யாரும் கண்டுக்கல. நெப்போலியன் படையோட ரஷ்யாவுக்குப் போய் 1812ல சிக்கின பொன்சலே, அங்க சரத்தோவ்ங்கிற ஊர்ல கைதியா இருந்தப்போ கையில புத்தகம் இல்லாமலே இந்தக் கணக்கைப் போட்டு, 1822ல புத்தகமா கொண்டுவந்தாரு. அதுதான் ப்ரொஜெக்டிவ் ஜியாமெட்ரி, அதாவது ஒண்ணு படமா விழும்போது எது மாறும், எது மாறாதுன்னு பாக்குற கணக்கு. ஜெயில்ல உக்காந்து செய்யிற வேலையா இது, சொல்லுங்க!

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது வேற விஷயம். படத்துல நீளம் மாறிப் போச்சு, கோணம் மாறிப் போச்சு, அப்போ மாறாம என்னதான் மிஞ்சுது? நேர்கோடு நேர்கோடாவே இருக்கும், அதுபோக ஒரு விகிதமும் மாறாது.

பாலத்தைத் தாங்குற 28 தூண்ல வரிசையா நாலு தூணை எடுங்க, இடைவெளி எல்லாம் சமம்னு வைங்க. ஃபோட்டோல அந்த இடைவெளிங்க 6 செ.மீ, 2 செ.மீ, 1 செ.மீன்னு வருதுன்னு வச்சுக்கோங்க. ஒண்ணுலேர்ந்து மூணாவது தூண் 8, ரெண்டுலேர்ந்து நாலாவது 3, பெருக்குனா 24. ரெண்டுலேர்ந்து மூணாவது 2, ஒண்ணுலேர்ந்து நாலாவது 9, பெருக்குனா 18. 24ஐ 18ஆல வகுத்தா 4/3. இப்போ நிஜப் பாலத்துல ஒரு இடைவெளியை 1னு வச்சுப் போடுங்க: 2 தரம் 2, கீழ 1 தரம் 3, அதே 4/3! பாலத்துக்குக் கீழ ஓடுற பரளியாத்துக்கு எந்தக் கரையில நின்னு எடுத்தாலும் இந்த 4/3 மாறாது, லென்ஸ் கோட்டை வளைக்காம இருந்தா போதும். க்ராஸ் ரேஷியோன்னு இதுக்குப் பேரு. பையன் பாலத்தை வரைஞ்சா தூண் இடைவெளியை ஒரே அளவா குறைச்சிட்டே போவான், அது தப்பு, முதல்ல சடார்னு குறைஞ்சு அப்புறம் மெல்லத்தான் குறையணும்.

இன்னொண்ணு, கீழ ஆத்துப் பக்கம் நின்னு அண்ணாந்து எடுத்தா தூணெல்லாம் மேல போய் கூம்பும். பாலத்து மேல குத்தம் இல்லக்கா, ஃபோனை சாய்ச்சுப் பிடிச்சிட்டீங்க. நட்டமா பிடிச்சுக்கிட்டு கொஞ்சம் பின்னால போய் எடுங்க, தூணுங்க நேரா நிக்கும்.