65-ஐக் காணவில்லை

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: அமெரிக்காவில் கம்பர்லண்டிலிருந்து வாஷிங்டன் வரை சி அண்டு ஓ (செசபீக் அண்டு ஓஹையோ) கால்வாய்க் கரையில் குடும்பத்தோடு சைக்கிளில் வந்ததாக எழுதியிருந்தீர்கள். எங்கள் பிள்ளைகளுக்கு 12 வயதும் 8 வயதும். சின்னவள் தாங்குவாளா? எத்தனை நாள் ஒதுக்க வேண்டும்?
– ஒரு வாசகி, விர்ஜீனியா

பதில்: சின்னவள் தாங்குவாள். நீங்களும் உங்கள் வீட்டுக்காரரும் தாங்குவீர்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மூட்டை முடிச்செல்லாம் உங்கள் கேரியரில்தானே வரப்போகிறது!

மொத்தம் 184.5 மைல், அதாவது சுமார் 297 கிலோமீட்டர். நாங்கள் ஏழு நாள் எடுத்துக்கொண்டோம். அப்போது பையனுக்கு 9 வயது, பெண்ணுக்கு 13. நீங்களும் ஏழு நாளுக்குக் குறைக்காதீர்கள். கம்பர்லண்டில் ஆரம்பித்தால் வாஷிங்டன் வரும்வரை மொத்த இறக்கம் 605 அடி. இவ்வளவு தூரத்தில் அது காலுக்குத் தெரியவே தெரியாது. ஆனால் மேடு ஏறும் வேலையும் இல்லை. படகு இழுத்த கோவேறு கழுதைகள் நடப்பதற்காகப் போட்ட பாதை இது. மட்டம் மாறுகிற இடங்களில் லாக் இருக்கும். படகை உள்ளே விட்டு, இரண்டு பக்கமும் கதவை அடைத்து, தண்ணீரை வடித்துக் கீழே இறக்குகிற கல்தொட்டி அது.

எங்கள் பையனை வாஷிங்டன் வரை இழுத்து வந்ததே இந்த லாக்குகள்தான். "இன்னும் எத்தனை மைல்?" என்று கேட்டு, பதிலைக் கேட்டதும் உட்கார்ந்துவிடுகிற வயசு. அதனால் லாக்குகளை எண்ணச் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு, வாஷிங்டன் பக்கம் 1, கம்பர்லண்டு பக்கம் 75. அதனால் 75-இல் ஆரம்பித்தான். இரண்டாம் நாள் 66 வந்தது. அடுத்து 65 வர வேண்டும் இல்லையா? வந்தது 64⅔. சைக்கிளைத் தரையில் போட்டுவிட்டுப் எண் பலகையின் பின்பக்கம் வரை போய்ப் பார்த்தான். அதற்கும் அடுத்தது 63⅓, அப்புறம் 62. நாலு லாக் கட்டத் திட்டமிட்ட இடத்தில் மூன்றை மட்டும் இன்னும் ஆழமாகக் கட்டி முடித்துவிட்டார்கள். மற்ற எண்களைக் கலைக்காமல் எண்ணையும் பங்கு போட்டு ஒப்பேற்றியிருக்கிறார்கள். கடைசி எண் 75 என்றாலும் இருப்பது 74 லாக்தான். பின்னம் என்றாலே ஓடுகிறவன், அன்று ராத்திரி கூடாரத்துக்குள் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு நாலை மூன்றால் வகுத்துக்கொண்டிருந்தான்.

கேள்வி: ராத்திரி எங்கே தங்குவது? நடுவில் கால்வாய் மலைக்குள் புகுந்து போகும் பாவ் பாவ் சுரங்கம் பிள்ளைகளுக்குப் பயமாக இருக்காதா?
– ஒரு வாசகர், நியூ ஜெர்சி

பதில்: வழி நெடுக, சில மைலுக்கு ஒன்றாக, நடந்தும் சைக்கிளிலும் வருகிறவர்களுக்கென்றே முகாம் இடங்கள் இருக்கின்றன. மேஜை, அடுப்பு மூட்ட இடம், கழிப்பறை, ஓர் அடிபம்பு, அவ்வளவுதான். முன்பதிவு கிடையாது, முதலில் வந்தவருக்கு இடம். பம்புத் தண்ணீரில் அயோடின் கலந்திருப்பதால் மருந்து வாடை அடிக்கும். எங்கள் பெண் முதல் நாள் முகம் சுளித்தாள், மூன்றாம் நாள் பேசாமல் குடித்தாள். குளிர்காலத்தில் பம்புகளை மூடிவிடுவார்கள். கூரைதான் வேண்டும் என்றால், லாக் காவலர்கள் குடியிருந்த வீடுகளில் சிலவற்றை இரவுக்கு வாடகைக்கு விடுகிறார்கள். அதற்கு முன்பதிவு உண்டு. எல்லா வீட்டிலும் கரண்டும் தண்ணீரும் இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள்.

தூக்கம் லேசானவர் என்றால் காதுக்குப் பஞ்சு எடுத்துக்கொள்ளுங்கள். சரக்கு ரயில் ராத்திரியெல்லாம் ஓடும். கால்வாய்க்கும் இந்த ரயில் பாதைக்கும் ஒரே நாளில், 1828 ஜூலை 4 அன்று, வேலை ஆரம்பித்தார்கள். ரயில் 1842-இல் கம்பர்லண்டு வந்துவிட்டது. கால்வாய் வந்து சேர்ந்தது 1850-இல். 1924 வெள்ளத்தோடு அதன் படகுப் போக்குவரத்தும் முடிந்தது. ஜெயித்தவர் இன்னும் ஹாரன் அடித்துக்கொண்டிருக்கிறார்.

சுரங்கத்துக்கு வருவோம். நீளம் 3,118 அடி, கட்டி முடிக்க 14 வருஷம். சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். பாதை குறுகல், ஒரு பக்கம் செங்கல் சுவர், மறுபக்கம் மரக்கைப்பிடி, அதற்குக் கீழே கறுப்புத் தண்ணீர். ஆளுக்கொரு டார்ச் அவசியம். பாதி வழியில் என்னுடையது அணைந்துபோய், கைப்பிடியைத் தடவிக்கொண்டே நடந்தேன். விரலுக்கு வழவழவென்று பள்ளம் பள்ளமாகத் தட்டுப்பட்டது. பெண் வெளிச்சம் காட்டினாள். படகு இழுத்த கயிறு உரசி உரசி மரத்தை அறுத்த தடம். அதற்கப்புறம் யாரும் பயப்படவில்லை, எல்லாரும் பள்ளம் தேட ஆரம்பித்துவிட்டோம்.

கேள்வி: நடுவில் மழை பிடித்துக்கொண்டால்?
– அதே வாசகர்

பதில்: பிடித்துக்கொண்டது. பல இடங்களில் மண்பாதைதான், மழை பெய்தால் சேறு. எங்கள் அழகான மட்கார்டுகளுக்கும் டயருக்கும் நடுவே சேறு அப்பி, பெண்ணின் பின்சக்கரம் சுற்றவே மறுத்துவிட்டது. குச்சியால் நோண்டினோம், ஐம்பது அடி போவதற்குள் மறுபடியும் அடைத்தது. கடைசியில் மட்கார்டைக் கழற்றிக் கேரியரில் கட்டிவிட்டோம். முதுகெல்லாம் சேற்றுக்கோடு, ஆனால் சக்கரம் சுற்றியது. ஆகவே தடித்த டயர், கழற்ற ஸ்பேனர், இரண்டு மாற்று டியூப். வழியில் வரும் ஹான்காக் ஊர்ப் பக்கம் மழையில் மாட்டினால் கௌரவம் பார்க்காதீர்கள். கால்வாயை ஒட்டியே வெஸ்டர்ன் மேரிலாந்து ரயில் டிரெயில் என்று பழைய ரயில் தடத்தில் தார் போட்ட பாதை ஓடுகிறது, அதில் ஏறிவிடுங்கள். அங்கே லாக் எண்ண முடியாது என்று பையன் கொஞ்சம் முறைத்தான். விட்டுப்போன எண்களை வரைபடம் பார்த்து எழுதிக்கொண்ட பிறகுதான் சமாதானமானான்.