பன்னிரண்டு நாளில் பரங்கிமலை: கிளம்பும் முன் வந்த கேள்விகள்

சென்னை பரங்கிமலையில் உள்ள ராணுவ அதிகாரிகள் பயிற்சி அகாதமியில் ஆண்டுக்கு இரண்டு முறை, ஏப்ரலிலும் அக்டோபரிலும், புதிய அணி சேருகிறது. தகுதிப் பட்டியலில் மேலே இருக்கிறவர்களுக்குக் கடிதம் முன்கூட்டியே வந்துவிடும். கடைசிப் படியில் நிற்கிறவர்களும், மருத்துவ மேல்முறையீட்டில் தேறியவர்களும், மேலே யாராவது விலகினால்தான் உள்ளே வர முடியும். அதனால் அவர்கள் கைக்குக் கடிதம் வரும்போது பத்துப் பன்னிரண்டு நாள்தான் மிச்சம். நானும் அப்படிக் கடைசியில் கூப்பிடப்பட்டவன். ஓய்வுபெற்று சேலம் அஸ்தம்பட்டியில் குடியிருக்கிறேன். மார்ச் வந்தால் சேலத்துப் பிள்ளைகளிடமிருந்து ஒரே மாதிரிக் கேள்விகள் வருகின்றன. சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

“ஐயா, இன்னும் 12 நாள்தான் இருக்கிறது. 2.4 கிலோமீட்டரை 13 நிமிடத்தில் ஓடுகிறேன். அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்குத் தினமும் காலையில் ஓடி ஏறி, ஓடியே இறங்கலாம் என்று இருக்கிறேன். மலைக்காற்றில் மூச்சுப் பிடிக்கும் என்கிறார்கள். சரிதானே?” (அம்மாப்பேட்டை வாசகர்)

வேண்டாம் தம்பி. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உயரமான இடத்தில் ரத்தச் சிவப்பணு கூடுவது உண்மை. ஆனால் அதற்கு இன்னும் உயரம் வேண்டும், அங்கேயே வாரக்கணக்கில் தங்கவும் வேண்டும். காலையில் ஏறி மதியம் இறங்கி வருகிறவருக்கு அந்தப் பலன் கிடையாது. கிடைக்கப்போவது கால்வலிதான். அந்த 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறுவதைவிட ஓடி இறங்குவது மோசம். இறக்கத்தில் ஒவ்வொரு அடியிலும் தொடைத்தசை நீண்டபடியே எடையைத் தாங்குகிறது, கீழ்க்காலின் முன்எலும்பு அதிர்கிறது.

எலும்பு விஷயத்தில் பலருக்குத் தெரியாதது ஒன்று உண்டு. திடீரென்று பளு கூடினால் எலும்பு தன்னைப் புதுப்பிக்கத் தொடங்கும். ஆனால் முதலில் பழைய பகுதியைக் கரைக்கும், பிறகுதான் புதிதாகக் கட்டும். இடைப்பட்ட மூன்று நான்கு வாரத்தில் எலும்பு முன்பைவிட வலுக்குறைந்து நிற்கும். நீங்கள் இன்று மலையில் ஓடத் தொடங்கினால் அந்த வலுக்குறைந்த வாரங்கள் சரியாக அகாதமியின் முதல் வாரங்களில் வந்து விழும். அங்கேயோ டிரில், ஓட்டம், பூட்ஸ் எல்லாம் ஒன்றாகத் தொடங்கியிருக்கும். மயிரிழை விரிசல் விழுவது அப்போதுதான். ஸ்ட்ரெஸ் பிராக்சர் என்று டாக்டர் எழுதிவிட்டால் வாரக்கணக்கில் ஓட முடியாது. பயிற்சி அதிகம் தவறினால் அடுத்த அணியோடு சேர்த்துவிடுவார்கள். ரெலிகேஷன் என்பார்கள். கூடச் சேர்ந்தவர்கள் தோளில் நட்சத்திரம் குத்திக்கொள்ளும் நாளில் நீங்கள் கேடட்டாகவே நிற்க வேண்டியிருக்கும்.

என் கதையும் இதுதான். சேருவதற்கு முந்தைய பத்து நாள் வெறிபிடித்தாற்போல் ஓடினேன். மூன்றாவது வாரத்தில் இடதுகால் முன்எலும்பில் விரல் வைத்தால் உயிர் போகிற வலி. அந்த வலியோடு மற்றவர்கள் ஓடுவதை உட்கார்ந்து பார்த்த காலை நேரங்களை இன்னும் மறக்கவில்லை.

சரி, என்னதான் செய்வது? ஒருநாள் விட்டு ஒருநாள் ஓடுங்கள். காந்தி மைதானத்திலோ மண்தரை கிடைக்கிற இடத்திலோ நான்கு கிலோமீட்டர், பேச முடிகிற வேகத்தில். ஓடாத நாளில் புஷ்-அப், சிட்-அப், ஸ்குவாட். நடுவில் ஒரே ஒரு நாள் 2.4 கிலோமீட்டரை முழு வேகத்தில் ஓடி நேரம் பாருங்கள். கடைசி மூன்று நாள் நடை மட்டும் போதும். தொழில்நுட்ப நுழைவு அறிவிப்புகளில் ஆண்களுக்கு 10 நிமிடம் 30 விநாடி என்று போட்டிருப்பதைப் பார்த்துப் பயந்திருப்பீர்கள். 13-லிருந்து 10.30-க்கு 12 நாளில் யாராலும் வர முடியாது. முழுசான கால்களோடு போனால் அங்கே அவர்கள் உங்களைக் கொண்டுவருவார்கள்.

“எங்கள் ஊர் ஏற்காடு. இங்கே ஓடும்போது களைப்பே தெரிவதில்லை. சேலத்துக்கு வந்து ஓடினால் பாதியில் தலை சுற்றுகிறது. சென்னையில் என்ன ஆவேன்?”

மேலே கேட்டவர் மலைக்கு வரத் துடிக்கிறார், நீங்கள் மலையை விட்டு இறங்க வேண்டியவர். ஏப்ரலில் சென்னையின் சூடும் புழுக்கமும்தான் உங்களுக்கு முதல் சோதனை. நல்ல செய்தி என்னவென்றால், உடம்பு வெயிலுக்குப் பழக ஒன்றிலிருந்து இரண்டு வாரம் போதும். ரத்தத்தில் நீர்ப்பகுதி கூடும், வியர்வை சீக்கிரமே அரும்பும், வியர்வையில் போகிற உப்பு குறையும். கண்ணங்குறிச்சியிலோ அயோத்தியாப்பட்டணத்திலோ உறவினர் வீடு இருந்தால் இன்றே வந்து தங்குங்கள். முதல் இரண்டு நாள் காலை எட்டு மணி வெயிலில் 20 நிமிட நடை. பிறகு நடையும் மெல்லோட்டமும் கலந்து, ஒன்பதாம் பத்தாம் நாளில் ஒரு மணி நேரம் வரை போகலாம். நடுப்பகலில் ஓட வேண்டாம். உப்புப் போட்ட நீர்மோரும் கஞ்சியும் குடியுங்கள். வெறும் தண்ணீரையே குடம் குடமாகக் குடிப்பதும் ஆபத்து. தலைசுற்றல், வாந்தி, வெயிலிலேயே மயிர்க்கூச்செறிதல், இதில் எது வந்தாலும் அன்றைக்கு அத்தோடு நிறுத்தி நிழலுக்குப் போங்கள். தனியாக ஓடாதீர்கள், ஒரு தம்பியோ தங்கையோ சைக்கிளில் கூட வரட்டும்.

“பெண்களுக்கு இரண்டு புல்-அப் கேட்கிறார்கள். எனக்கு அரை கூட வரவில்லை. ஒன்பது நாள் இருக்கிறது.” (கண்ணங்குறிச்சி)

இதில் மட்டும் குறைந்த நாளிலும் முன்னேற்றம் தெரியும் அம்மா. தசை வளர மாதங்கள் ஆகும். ஆனால் இருக்கிற தசையை முழுசாக வேலைவாங்க நரம்புகள் சில நாள்களிலேயே கற்றுக்கொள்ளும். ஸ்டூலில் ஏறி, தாடை கம்பிக்கு மேலே இருக்கும்படி பிடித்துக்கொண்டு, ஐந்து விநாடி எண்ணியபடி மெல்ல இறங்குங்கள். ஒரு தடவைக்கு மூன்று இறக்கம், ஒரு நாளைக்கு நாலைந்து தடவை. களைத்து விழும்வரை செய்யக் கூடாது. நான்காம் நாள் முழு ஓய்வு. ஒன்பதாம் நாள் ஒன்று வந்தாலும் வெற்றிதான்.

“நீச்சல் தெரியாது. சேர்த்துக்கொள்வார்களா?”

கற்றுத் தருவார்கள். இப்போதைக்குத் தண்ணீரில் முகம் புதைத்து மூச்சு விடப் பழகினால் போதும். தெரிந்தவர் துணையில்லாமல் கிணற்றிலோ ஏரியிலோ இறங்காதீர்கள்.

“பத்தாம் வகுப்புச் சான்றிதழில் பெயருக்கு முன் இனிஷியல். ஆதாரில் அப்பா பெயர் முழுசாகப் பின்னால் இருக்கிறது. பான் கார்டில் வேறு மாதிரி. ஆறு நாளில் எதை மாற்றுவது?” (ஆத்தூர்)

ஓட்டத்தைவிட இந்தக் கேள்விதான் என்னை அதிகம் கவலைப்பட வைக்கிறது. குடும்பப்பெயர் இல்லாத நம் பிள்ளைகள் எல்லா இடத்திலும் இதில் மாட்டுகிறார்கள். உடம்பைத் தயார் செய்வதிலேயே பத்து நாளும் போய், கடைசி இரவில் ஃபைலைத் திறந்து பார்த்து அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பத்தாம் வகுப்புச் சான்றிதழே அடிப்படை. பிறந்த தேதிக்கு அதுதான் ஆதாரம், தேர்வு விண்ணப்பத்திலும் அந்தப் பெயர்தான் இருக்கும். அதைத் தொடாதீர்கள். அரசிதழில் பெயர் மாற்றம் என்று இப்போது கிளம்பாதீர்கள், ஆறு நாளில் முடியாது. பாதியில் நிற்கிற மாற்றம் புதுக் குழப்பத்தைத்தான் தரும். நாளைக் காலையே ஒரு நோட்டரியிடம் போய், இந்த மூன்று வடிவமும் ஒரே ஆளைக் குறிக்கின்றன என்று முத்திரைத்தாளில் உறுதிமொழிப் பத்திரம் வாங்குங்கள். பிறகு ஜாய்னிங் லெட்டரில் உள்ள முகவரிக்கு மின்னஞ்சல் எழுதி விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். பதில் வந்தால் அச்சிட்டு ஃபைலில் வையுங்கள். மறைத்துக்கொண்டு போகாதீர்கள். முன்பே சொன்னவருக்கு வழிகாட்டுவார்கள்.

பட்டச் சான்றிதழ் வரவில்லையென்றால் புரொவிஷனலும் எல்லா செமஸ்டர் மதிப்பெண் பட்டியலும் வேண்டும். அதற்குப் பல்கலைக்கழகத்துக்கு நேரில் போங்கள், போனில் கேட்டுக்கொண்டிருந்தால் நாள் போய்விடும். பெற்றோர் கையெழுத்திட வேண்டிய படிவங்களை முதல் நாளே முடியுங்கள். அப்பா லாரியில் வடநாட்டுக்குப் போயிருந்தால் அவர் திரும்புகிற தேதியைப் பார்த்துத்தான் மற்ற வேலை எல்லாம்.

“தமிழ் வழியில் படித்தவன். ஆங்கிலம் தட்டுத்தடுமாறி வரும், இந்தி சுத்தமாகத் தெரியாது.”

வகுப்பு ஆங்கிலத்தில் நடக்கும். தேர்வு வாரியத்தின் நேர்காணலைத் தாண்டியிருக்கிறீர்கள், அந்த ஆங்கிலமே போதும். தடுமாறினாலும் வாய் திறந்து பேசுகிறவர் மூன்று மாதத்தில் தேறிவிடுவார். வாயை மூடிக்கொள்கிறவர்தான் பின்தங்குகிறார்.

டிரில் கட்டளைகள் இந்தியில் வரும். பக்கத்தில் நிற்பவரைப் பார்த்துத் திரும்பினால் எப்போதும் அரைவிநாடி பிந்துவீர்கள். இவற்றை இப்போதே காதில் ஏற்றிக்கொள்ளுங்கள்: சாவ்தான் என்றால் நிமிர்ந்து நில், விஷ்ராம் என்றால் கால் அகட்டி நில், தாஹினே முட் வலப்பக்கம், பாயேன் முட் இடப்பக்கம், பீச்சே முட் பின்பக்கம், தேஜ் சல் வேகநடை, தம் என்றால் நில். தெருவில் என்.சி.சி. படித்த பிள்ளை இருந்தால் மாலையில் மொட்டைமாடியில் அரைமணி நேரம் சொல்லிக்கொடுக்கச் சொல்லுங்கள். நாளைக்கு நீங்கள் நடத்தப்போகிற ஜவான்களோடு பேச இந்தி கட்டாயம் வேண்டும். ஆனால் அது இந்தப் பத்து நாளின் வேலை அல்ல.

“நான் இன்னும் பயிற்சி வரை போகவில்லை. எஸ்.எஸ்.பி. என்கிற அதிகாரித் தேர்வு வாரிய நேர்காணலுக்கே ஆறு நாளில் பெங்களூரு வரச் சொல்லியிருக்கிறார்கள்.”

ஒவ்வொரு சொல்லாகக் காட்டி வாக்கியம் எழுதச் சொல்லும் தேர்வில் 60 சொல், ஒவ்வொன்றுக்கும் 15 விநாடிதான். மனப்பாடம் செய்த வாக்கியம் அங்கே உதவாது, ஐந்து நாள் பார்க்கிறவர்களுக்கு அது உடனே தெரிந்துவிடும். தினமும் ஒரு படத்தைப் பார்த்து நான்கு நிமிடத்தில் ஒரு கதை எழுதிப் பழகுங்கள், கை வேகத்துக்காக. உங்கள் ஊர், அப்பாவின் தொழில், நீங்கள் தோற்ற இடங்கள், இவற்றைப் பற்றி உண்மையாகப் பேசத் தயாராகுங்கள். நெசவுத்தறியில் அப்பாவுக்கு உதவியதைச் சொல்ல வெட்கப்பட்ட ஒரு பிள்ளையை எனக்குத் தெரியும். அவர் பொறுப்பேற்றுச் செய்த வேலைகளிலேயே பெரியது அதுதான், அதைச் சொல்லாமலே வந்துவிட்டார்.

“மகள் போகிறாள். புதுப் பூட்ஸ், புது ஷூ எல்லாம் வாங்கி வைத்துவிட்டேன். தட்டுவடை, ஊறுகாய் எவ்வளவு கொடுத்தனுப்பலாம்? ரயிலா, பஸ்ஸா?” (செவ்வாய்ப்பேட்டை, ஒரு அம்மா)

புது ஷூவை இன்றே அவள் காலில் மாட்டிவிடுங்கள் அம்மா. வீட்டுக்குள்ளேயே தினமும் இரண்டு மணி நேரம் நடக்கட்டும். கடிக்கிற இடம் தெரியும், தோலும் பழகும். ஓடுவதற்குப் பழைய ஷூதான், அதை மறக்காமல் எடுத்துவைக்கச் சொல்லுங்கள். நகத்தை நேராக வெட்டிக்கொள்ளட்டும். மற்றபடி ஜாய்னிங் லெட்டரில் உள்ள பட்டியலைத் தாண்டி எதுவும் வாங்காதீர்கள்.

தட்டுவடை ஒரு சின்னப் பொட்டலம், வழியில் தின்ன. ஊறுகாய் வேண்டாம், உடைந்து துணியெல்லாம் எண்ணெயாகும்.

சேரும் தேதிக்கு முந்தைய நாளே சென்னையில் இருக்க வேண்டும். இரவு ஏற்காடு எக்ஸ்பிரஸில் போனால் விடியும் முன் சென்ட்ரல். அங்கிருந்து பரங்கிமலைக்கு மெட்ரோவே நேராகப் போகிறது. பெரிய பெட்டியோடு கூட்ட நேரத்து மின்சார ரயிலில் ஏறாதீர்கள். பஸ்ஸில் போனால் கிளாம்பாக்கத்தில் இறங்கி ஜி.எஸ்.டி. சாலையில் நகருக்குள் வரும் வழியிலேயே பரங்கிமலை வந்துவிடும்.

முதல் நாள்களில் போன் பேச அவளுக்கு நேரம் கிடைக்காது. போன் வரவில்லை என்று பயப்படாதீர்கள். வரும்போது இரண்டு நிமிடம்தான் பேசுவாள், அழக்கூடச் செய்யலாம். “வந்துவிடு” என்று மட்டும் சொல்லாதீர்கள். என்ன சாப்பிட்டாள் என்று கேளுங்கள்.